ஃப்ளைட் சிமுலேட்டர் கேமை மேட்டுப்பாளையத்துல வச்சு உரசிப் பாக்கறது எப்படி

கன்சோல்ல புதுசா ஒரு ஃப்ளைட் கேம் வந்தா எல்லாரும் என்ன பண்றோம், நியூயார்க் மேல ஒரு ரவுண்டு, துபாய்ல புர்ஜ் கலீஃபாவை சுத்தி ஒரு ரவுண்டு, நாலு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு "கிராஃபிக்ஸ் செம மச்சி" ன்னு முடிச்சுடறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் தோணுச்சு, நியூயார்க்கை நான் பாத்ததே இல்லையே, அங்க அவன் ரெண்டு பில்டிங்கை மாத்தி வச்சாலும் எனக்கு என்ன தெரியப்போகுது? தெரியாத ஊரை வச்சு மார்க் போட்டா அது மார்க்கே இல்ல. தங்கம் வாங்கறப்போ ஆசாரி உரைகல்லுல உரசிப் பாப்பார்ல, அந்த மாதிரி ஃப்ளைட் கேமுக்கு ஒரு உரைகல் வேணும்னா அது நமக்கு கண்ணை மூடினாலும் தெரியற இடமா இருக்கணும். எனக்கு அது மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் இருக்கற அந்த மலைச்சரிவு.

முதல்லயே சொல்லிடறேன், நான் பைலட் எல்லாம் கிடையாது. குன்னூர்ல இருக்கேன், வீட்ல ஒரு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், ஒரு சாதாரண டிவி, ப்ளேன்ல பயணியா ரெண்டு தடவை போயிருக்கேன், அவ்ளோதான். அதனால இது பைலட்டுங்களுக்கு இல்ல, காசு போட்டு வாங்கறதுக்கு முன்னாடியோ இல்ல வாங்கின மொத ரெண்டு நாள்லயோ இந்த கேம் தேறுமா தேறாதான்னு கண்டுபிடிக்கணும்னு நினைக்கறவங்களுக்கு.

மொத வேலை, கேம் என்ன வகைன்னு பிரிச்சுக்கறது. இதை பண்ணாம திட்டறவங்கதான் அதிகம். ஏஸ் காம்பாட் 7ன்னு 2019ல வந்துச்சு, அதுல ஒரு ஃபைட்டர் ஜெட்ல டஜன் கணக்குல மிசைல் இருக்கும், அவ்ளோ மிசைலை தூக்கிட்டு நிஜத்துல ஒண்ணும் கிளம்பாது, ஆனா அது சிமுலேட்டர்னு சொல்லிக்கவும் இல்ல, அது ஒரு மாஸ் படம் மாதிரி. வேடிக்கை என்னன்னா அதுலயே மேகத்துக்குள்ள ரொம்ப நேரம் இருந்தா ப்ளேன்ல ஐஸ் பிடிச்சு கண்ட்ரோல் மந்தமாகும், சிமுலேட்டர்னு போர்டு மாட்டிக்கற சில கேம்ல கூட அந்த அக்கறை இருக்காது. வார் தண்டர் ஃப்ரீ கேம், அதுல ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர்னு மூணு விதமா சண்டை இருக்கு, ஆர்கேட்ல நல்லா ஓட்டறவன் சிமுலேட்டர் பக்கம் போனா ரன்வேயை விட்டே கிளம்ப மாட்டான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020ல பிசிக்கு வந்து, 2021 ஜூலைல எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ்ஸுக்கு வந்துச்சு, அதோட அடுத்தது 2024 நவம்பர்ல, அது 2025 டிசம்பர்ல பிஎஸ்5க்கும் வந்துருச்சு. உலகம் பூரா பறக்கலாம்ங்கற வகை அதுதான். நான் கீழ சொல்ற மேட்டுப்பாளையம் டெஸ்ட் இந்த வகைக்குத்தான் முழுசா பொருந்தும், மத்ததுக்கு ஸ்டால் (வேகம் குறைஞ்சு இறக்கை ப்ளேனைத் தாங்காம விடறது), க்ளைடு (இன்ஜின் இல்லாம மெதுவா இறங்கறது), கண்ட்ரோலர் இது மட்டும் பாத்தா போதும். பிரியாணி கடைல போயி இட்லி சரியில்லன்னு மார்க் குறைக்காதீங்க.

ரெண்டாவது, டெஸ்ட்டுக்கு முன்னாடி அசிஸ்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா கன்சோல் கேம்ல பாதிக்கு மேல ஆட்டோ ரடர் (ரடர்னா மூக்கை இடம் வலம் திருப்பற வால் துடுப்பு), ஆட்டோ மிக்ஸ்சர் (இன்ஜினுக்குப் போற பெட்ரோல், காத்து கலவை), ஆட்டோ ட்ரிம் (ஸ்டிக்கைப் பிடிக்காமலே மூக்கை அதே நிலைல நிறுத்தி வைக்கறது), தானா லேண்டிங்ல கை குடுக்கறதுன்னு எல்லாமே முதல்லயே ஆன்ல இருக்கும், நீங்க ஓட்டறதா நினைச்சுட்டு இருப்பீங்க, ஓட்டறது அவன். அப்படியே ஓட்டிட்டு "ரொம்ப ஈஸியா இருக்கு, ரியலிஸ்டிக்கா இல்ல" ன்னு சொன்னா அது கேம் தப்பு இல்ல. டிவில கேம் மோடு இருக்கான்னு பாத்து அதை போடுங்க, அது இல்லாம படத்தை அழகாக்கற வேலையை டிவி பண்ணிட்டு இருந்தா நீங்க ஸ்டிக்கை தள்ளினதுக்கும் மூக்கு இறங்கறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வரும், அந்தப் பழியும் கேம் மேல விழும். கண்ட்ரோலர்ல டெட் ஸோன், அதாவது ஸ்டிக்கை எவ்ளோ அசைக்கற வரைக்கும் கேம் கண்டுக்காதுங்கற அளவு, எவ்ளோன்னு செட்டிங்ஸ்ல பாருங்க, ஸ்டிக்கை தொடாமலே ப்ளேன் ஒரு பக்கம் சாஞ்சுட்டே போச்சுன்னா முக்கால்வாசி உங்க பழைய கண்ட்ரோலரோட ட்ரிஃப்ட்தான்.

இப்ப மேட்டுப்பாளையம். செஸ்னா 172 எடுங்க, இந்த வகை கேம்ல பெரும்பாலும் இருக்கற ப்ளேன், நாலு சீட், 180 குதிரைத்திறன், கிளாஸ் காக்பிட், அதாவது ஸ்க்ரீன் போட்டதோ பழைய முள் மீட்டர் போட்டதோ எதுவானாலும் சரி. டேங்க் ஃபுல் பண்ணுங்க, ஆளுங்களையும் ஏத்துங்க, காலியா ஓட்டினா டெஸ்ட் வீண். வெயில் காலத்து மத்தியானம் வச்சுக்கோங்க, கோயமுத்தூர் ஏர்போர்ட்ல நில்லுங்க. அங்க ரன்வே கிட்டத்தட்ட 1,320 அடி உயரத்துல இருக்கு. த்ராட்டிலை, அதாவது இன்ஜின் பவரைக் கூட்டற லிவரை, முழுசா தள்ளினதும் மொத கவனிக்க வேண்டியது, மூக்கு இடது பக்கம் இழுக்குதா? ஒத்தை ப்ரொபெல்லர் ப்ளேன் இழுக்கணும், வலது ரடரை மிதிச்சு, அதாவது வலது ட்ரிகரை அமுக்கி நேரா பிடிக்கணும். ரயில் தண்டவாளத்துல போற மாதிரி நேரா போச்சுன்னா ஒண்ணு அசிஸ்ட் ஆன்ல இருக்கு, இல்லேன்னா கேம் ஏமாத்துது.

55 நாட் கிட்ட (ஒரு நாட்னா மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் வேகம்) மூக்கைத் தூக்குங்க. இங்கதான் ரெண்டு வழி. மொத தடவை, ஏறிட்டே போகாம 2,500 அடிலயே மட்டமா வச்சுட்டு வடக்கால மேட்டுப்பாளையம் வரைக்கும் போங்க, கோயமுத்தூர்ல இருந்து ஆகாச வழில 17 நாட்டிக்கல் மைல் சொச்சம்தான். பவானி ஆறு தெரியும், தாண்டினதும் எதிர்ல சுவர் மாதிரி மலை. இப்ப அங்க இருந்து முழு பவர் குடுத்து நேரா குன்னூரைப் பாத்து ஏறுங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் நேர் கோட்டுல ஒன்பது நாட்டிக்கல் மைல்தான், ஆனா குன்னூர் இருக்கறது 6,000 அடிக்கு மேல. செஸ்னா 75 நாட்ல ஏறுனா அந்த தூரத்தை ஏழு நிமிஷத்துல முடிச்சுடும். ஏழு நிமிஷத்துல எவ்ளோ ஏறும்? கடல் மட்டத்துல, குளிர்ந்த காத்துல நிமிஷத்துக்கு 730 அடின்னு கணக்கு, ஆனா மேல போகப் போக காத்து லேசாகும், இன்ஜின் ஆயிரம் அடிக்கு மூணு சதவீதம் மாதிரி பவரை இழந்துட்டே வரும், வெயில் வேற சேந்தா இன்னும் குறையும். ஆக குன்னூர் மட்டத்துக்கு வர்றதுக்கே மூச்சு முட்டும், அதுக்கு முன்னாடியே சரிவு குறுக்க வந்துடும். நல்ல கேம்னா உங்களுக்கு வயித்துல புளி கரைக்கணும், மரம் மரமா எதிர்ல பெருசாகிட்டே வர, நீங்க மூக்கை இன்னும் தூக்க, வேகம் குறைய, ஸ்டால் ஹாரன் கத்த, கடைசில திரும்பி மேட்டுப்பாளையம் பக்கமே ஓடி வரணும். லிஃப்ட் மாதிரி சர்ருன்னு தொட்டபெட்டா மேல போய் நின்னுச்சுன்னா அந்த கேமை அங்கயே மூடிடலாம்.

ரெண்டாவது தடவை, ரன்வேயை விட்டதுல இருந்தே 74 நாட்ல விடாம ஏறுங்க. மேட்டுப்பாளையம் வர்றப்போ 7,000 அடில இருந்து 8,000 அடிக்குள்ள எங்கயோ இருக்கணும். அப்ப குன்னூர் மேல தாராளமா போகலாம், ஆனா தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி, அதைத் தாண்ட இன்னும் கொஞ்சம் பொறுமையா வட்டம் போட்டு ஏறணும். இந்த ரெண்டு ஓட்டத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சா போதும், அந்த கேம்ல காத்து இருக்குன்னு அர்த்தம். வெறும் படம் இல்ல. 3,000 அடிக்கு மேல போனதும் அந்த செவப்பு மிக்ஸ்சர் குமிழை கொஞ்சம் கொஞ்சமா வெளிய இழுத்துப் பாருங்க, இன்ஜின் சத்தமும் பவரும் மாறுதான்னு. எங்க வீட்டுப் பக்கத்துல ஜீப் ஓட்டற அண்ணன் ஒருத்தர் பழைய கார்புரேட்டர் வண்டி மலை ஏறினா புகையா கக்கும்னு சொல்வார், அதே சமாச்சாரம்தான், மேல காத்து கம்மி, பெட்ரோல் அதே அளவு.

தொட்டபெட்டா உச்சி மட்டத்துல பக்கவாட்டுல பறந்து உயரம் காட்டற ஆல்டிமீட்டரையும் பாத்துக்கோங்க, 8,600 பக்கத்துல காட்டணும். ஐநூறு அறுநூறு அடி முன்ன பின்ன இருந்தா விடுங்க, வெக்கையும் காத்தழுத்தமும் வச்சு நிஜ மீட்டரே மாறும். ஆயிரம் அடி வித்தியாசம் வந்தா கேம் மலையையே சரியா கட்டலன்னு அர்த்தம், ஆனா அதுக்கு முன்னாடி அழுத்த செட்டிங்கை அந்த நேரத்துக்கு சரியா வச்சீங்களான்னு பாருங்க, நான் ஒரு தடவை அதை மறந்துட்டு ஒரு மணி நேரம் கேமை திட்டிட்டு இருந்தேன்.

அடுத்து கேத்தி பள்ளத்தாக்கு. அங்க போய் ஸ்டால் டெஸ்ட் பண்ணலாம், கீழ தரைக்கும் உங்களுக்கும் நடுவுல 3,000 அடியாவது விட்டுக்கோங்க. த்ராட்டிலை முழுசா இழுத்துட்டு உயரம் குறையாம மூக்கைத் தூக்கிட்டே இருங்க. வேகம் குறைஞ்சுட்டே வந்து 55 நாட் கிட்ட ஹாரன் அழணும், ஃப்ளாப் (இறக்கைக்குப் பின்னாடி கீழ இறக்கற தகடு) போடாம 48 நாட் பக்கம் இறக்கை காத்தை விடணும், மூக்கு தானா விழணும். நீங்க ஸ்டிக்கை முன்னாடி தள்ளி பவர் குடுத்தா திரும்ப பறக்கணும். காத்தாடி மாதிரி அந்தரத்துல தொங்கிட்டு நின்னா ஃபெயில். இதே இடத்துல 60 டிகிரி சாச்சு உயரம் விடாம ஒரு வட்டம் போடுங்க, அந்த சாய்வுல எடை ரெண்டு மடங்கா தெரியும், ஸ்டால் வேகம் 48ல இருந்து 68 கிட்ட ஏறிடும். அதனால 70 நாட்ல குறுகலான பள்ளத்தாக்குல சட்டுன்னு திரும்பினா ஹாரன் கத்தணும். மலைல ப்ளேன் ஓட்டறதுல பெரிய கண்டமே இதுதான், இதை ஒரு கேம் காட்டலன்னா அதுக்கு மலை எதுக்கு.

அப்புறம் க்ளைடு. குன்னூர் மேல 10,000 அடில இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க, 68 நாட் பிடிச்சுக்கோங்க. செஸ்னா ஆயிரம் அடி இறங்கறதுக்குள்ள ஒன்றரை நாட்டிக்கல் மைல் போகும். மேட்டுப்பாளையம் சமவெளி கணக்குப்படி எட்டிடும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஊட்டி மேல இருந்து அதே உயரத்துல ஆஃப் பண்ணா கோயமுத்தூர் ஏர்போர்ட் எட்டவே எட்டாது, அது 30 மைல், உங்க கைல இருக்கறது 13 மைல். ஊட்டில இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கோயமுத்தூர்ல ஜாலியா இறங்கினேன்னு யாராவது வீடியோ போட்டா ஒண்ணு அவங்க கிளம்பின உயரம் வேற, இல்ல கேம் பொய்.

சரி, கண்ணுக்குத் தெரியற விஷயத்துக்கு வருவோம். இதுக்கு நான் எங்க சித்தப்பாவைத்தான் உக்கார வைப்பேன். மேட்டுப்பாளையம் ஊட்டி ரூட்ல வருஷக்கணக்கா பஸ் ஓட்டினவர், கேம்னா என்னன்னே தெரியாது, ஆனா அந்த 14 கொண்டை ஊசி வளைவையும் தூக்கத்துல சொல்வார். டிவி முன்னாடி சேர் போட்டு சுக்கு காபி குடுத்து உக்கார வச்சுட்டு நான் அந்த ரோட்டு மேல தாழ்வா பறந்தேன். ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "ஏன்டா, பர்லியாறு எங்க? அங்க பாலம் வரணுமே" ன்னார். நான் அதுவரைக்கும் அதை கவனிக்கவே இல்ல. அப்புறம் "ரோடு சரியாத்தான் வளையுது, ஆனா மரம் எல்லாம் ஒரே ஜாதி மரமா இருக்கே" ன்னார். எந்த ரிவியூ வீடியோலயும் இப்படி ஒரு வரி நான் கேட்டது கிடையாது. உங்க வீட்லயும் ஒரு பஸ் டிரைவரோ லாரி டிரைவரோ, தோட்டத்துல வேலை பாத்தவரோ இருப்பாங்க, அவங்களை உக்கார வைங்க, கண்ட்ரோலரை குடுக்க வேண்டாம், கண்ணை மட்டும் கடன் வாங்குங்க.

ஆனா இதுல நியாயமாவும் இருக்கணும். இந்த கேம் எல்லாம் உலகம் பூரா ஒவ்வொரு வீட்டையும் கையால கட்டறது இல்ல. சாட்டிலைட் போட்டோ, மேப் டேட்டா, உயரக் கணக்கு இதெல்லாம் எடுத்து மெஷினே வீடு, மரம் எல்லாம் நட்டுடும். பெரிய நகரங்களுக்கு மட்டும் சிலதுக்கு போட்டோ எடுத்து முப்பரிமாணமா செஞ்சிருப்பாங்க. மெஷின் நடறதால கூத்தும் நடக்கும், 2020 கேம்ல மெல்போர்ன்ல ஒரு சாதாரண வீட்டுப் பகுதில 212 மாடி கோபுரம் ஒண்ணு வானத்தைக் குத்திட்டு நின்னுச்சு, ஏன்னா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல யாரோ 2ன்னு போட வேண்டிய இடத்துல 212ன்னு டைப் பண்ணிட்டாங்க. அதனால நீங்க பாக்க வேண்டியது "எங்க வீடு இருக்கா" ன்னு இல்ல. மலையோட உருவம் சரியா, பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் திறக்குது, கோடநாடு வியூ பாயிண்ட்ல நின்னா கீழ மாயாறு பள்ளம் அந்த ஆழத்துக்கு விழுதா, தேயிலைத் தோட்டம் வரிவரியா இருக்கா இல்ல வெறும் காடா புல்லா ஆக்கிட்டானா, பைக்காரா அணைல தண்ணி மட்டமா இருக்கா இல்ல கரை மேல ஏறி நிக்குதா, இதைப் பாருங்க. கோத்தகிரி பக்கம் ரங்கசாமி தூண் மாதிரி ஒல்லியா நிக்கற பாறை வராம போச்சுன்னா மார்க் குறைக்காதீங்க, உயரத்தை கட்டம் கட்டமா அளந்துதான் எடுக்கறாங்க, அந்தக் கட்டத்துக்குள்ள தூண் கரைஞ்சு போயிடும். மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர், 250 பாலம், 16 குகை, அதெல்லாம் அப்படியே எதிர்பாக்கறது பேராசை, தடம் தெரிஞ்சாலே சந்தோஷப்படுங்க.

வானிலை. இது நம்ம ஊர்க்காரங்க மட்டும்தான் சரியா டெஸ்ட் பண்ண முடியும்னு நான் நம்பறேன். லைவ் வெதர்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைப் போட்டுட்டு ஜன்னலைத் திறந்து வெளிய பாருங்க, அவ்ளோதான் டெஸ்ட். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, அப்போ அவலாஞ்சி, அப்பர் பவானி, கூடலூர் பக்கம் கொட்டணும், கோத்தகிரி பக்கம் அவ்ளோ இருக்காது. அக்டோபர் நவம்பர் வந்தா அப்படியே உல்டா, குன்னூர், கோத்தகிரி நனையும். கேம் ரெண்டு பக்கமும் ஒரே மேகத்தை பரப்பி வச்சிருந்தா அது ஏதோ ஒரு சராசரி கணக்கை போட்டு மூடி வச்சிருக்குன்னு அர்த்தம். ஜூலைல கோயமுத்தூர்ல பாலக்காட்டுக் கணவாய் வழியா மேல்காத்து, அதாவது மேற்குக் காத்து, அடிக்கும்ல, அது கேம்ல வருதா, வந்தா காத்து மோதற குந்தா பக்கம் சரிவுல ப்ளேன் தானா மேல தூக்குதா, மலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் கீழ அமுக்குதா குலுக்குதான்னு பாருங்க. இதை ஒழுங்கா செஞ்ச கேமுக்கு நான் மத்த தப்பு எல்லாத்தையும் மன்னிச்சுடுவேன்.

மிஸ்ட் பத்தி தனியா சொல்லணும். நிறைய கேம்ல மூடுபனின்னா டிவி மேல வெள்ளைத் துணி போட்ட மாதிரி ஒரே சீரா இருக்கும். நம்ம ஊர்ல மிஸ்ட் அப்படியா வருது? மத்தியானத்துக்கு மேல பள்ளத்துல இருந்து ஏறி வரும், ரோட்ல ஒரு வளைவு தெளிவா இருக்கும், அடுத்த வளைவுல முன்னாடி போற வண்டியோட லைட்டு கூட தெரியாது. ப்ளேன்ல அதுக்குள்ள போனா எது மேல எது கீழன்னே தெரியாம மீட்டரை மட்டும் நம்பி ஓட்டணும், காது ஒண்ணு சொல்லும், மீட்டர் ஒண்ணு சொல்லும். 2021 டிசம்பர் 8ஆம் தேதி சூலூர்ல இருந்து வெலிங்டன் வந்த ஹெலிகாப்டர் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்துல விழுந்து ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் போனது எங்க எல்லாருக்கும் இன்னும் மனசுல இருக்கு, திடீர்னு மாறின வானிலையால மேகத்துக்குள்ள போனதுன்னுதான் விமானப்படை விசாரணைல சொன்னாங்க. அதுக்கு அப்புறம் நான் கேம்ல கூட அந்தச் சரிவுல மிஸ்ட் போட்டு விளையாட்டா பறக்கறது இல்ல. டெஸ்ட்டுக்கு கோத்தகிரி பக்கம் போயிடுவேன்.

இப்ப கன்சோலுக்கே உண்டான தலைவலி. ஃப்ரேம் ரேட் (செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கறது) பாக்க மேல 10,000 அடில பறந்து பிரயோஜனம் இல்ல, அங்க எல்லா கேமும் வழுக்கிட்டு போகும். குன்னூர் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் மேல ஐநூறு அடில வேகமா போய்ட்டே கேமராவை சட்டுன்னு பக்கவாட்டுல திருப்புங்க, அப்ப படம் திக்கித் திக்கி வருதான்னு பாருங்க. சீரிஸ் எஸ்ல இந்த வகை கேம் 30 ஃப்ரேம்ல ஓடறதே நார்மல், 30 சீரா இருந்தா தப்பே இல்ல, அது 22, 30, 18ன்னு ஆடுனாதான் லேண்டிங் அப்போ உயிரை வாங்கும்.

நெட் விஷயம் நம்ம மலைக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த உலகம் பூரா பறக்கற கேம்ல உலகம் உங்க கன்சோல்ல இல்ல. 2020 கேமோட மேப் டேட்டா மட்டும் ரெண்டு பெட்டாபைட்டுக்கு (அதாவது இருபது லட்சம் ஜிபிக்கு) மேல, அது அவங்க சர்வர்ல இருந்து நீங்க பறக்க பறக்க வந்துட்டே இருக்கும். அதுக்கு நெட் வேகம் குறைஞ்சது 5 எம்பிபிஎஸ், நல்லா இருக்க 20னு அவங்களே போட்டிருந்தாங்க, 2024 கேமுக்கு 50 இருந்தா நல்லதுன்னு ஏத்திட்டாங்க. எங்க வீட்ல ஃபைபர் இருக்கு, ஆனா காத்தடிச்சு ஒரு யூகலிப்டஸ் கிளை விழுந்தா ரெண்டு நாளைக்கு இல்ல. அதனால டெஸ்ட்ல ஒரு அரை மணி நேரம் நெட்டை வேணும்னே ஆஃப் பண்ணிட்டு பறந்து பாருங்க, கேம் ஓடுதா, ஓடினா மலை எப்படி இருக்கு, களிமண்ணுல பிடிச்ச மாதிரி ஆகுதா. ஏற்கனவே பறந்த இடத்தை கன்சோல்ல சேத்து வைக்கற கேஷ் ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணி, அதே இடத்துல மறுபடி ஓட்டிப் பாருங்க. சீரிஸ் எஸ்ல 512 ஜிபின்னு போட்டிருந்தாலும் கைக்கு வர்றது 364 ஜிபி சொச்சம்தான், இந்த கேம் ஒண்ணே எவ்ளோ தின்னும்னு வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, மொபைல் ஹாட்ஸ்பாட்ல டவுன்லோட் பண்ணலாம்னு நினைச்சா அந்த மாசம் வேற எதுக்கும் டேட்டா இருக்காது. கரண்ட் போனா ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா நடுவுல சேவ் பண்ண விடுதான்னு பாருங்க, ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு லேண்டிங்ல கரண்ட் போனா வர்ற கோவம் அனுபவிச்சாதான் தெரியும்.

ஜாய்ஸ்டிக் வாங்கணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. மொதல்ல கண்ட்ரோலர்லயே ஒரு வாரம் ஓட்டுங்க. கண்ட்ரோலரோட குட்டி ஸ்டிக்ல விரல் அசையற தூரமே கொஞ்சம்தான், நல்ல கேம் அதைப் புரிஞ்சுகிட்டு லேசா தொட்டா லேசா அசையற மாதிரி வளைவு வச்சிருக்கும், செட்டிங்ஸ்ல மாத்தவும் விடும். ஸ்டிக்கை ஒரு தட்டு தட்டிட்டு விடுங்க, ஒரு டன் எடை திரும்பற மாதிரி மெதுவா அசைஞ்சு நிக்குதா இல்ல டிவி ரிமோட்ல கர்சர் நகர்ற மாதிரி சடார்னு தாவுதா. அதை விட முக்கியம் ட்ரிம். கோயமுத்தூர்ல இருந்து ஏர்றதுக்கு கால் மணி நேரம் கட்டை விரலை இழுத்துப் பிடிச்சுட்டே இருந்தா விரல் செத்துடும், ட்ரிம் வச்சுட்டு கையை எடுத்தா ப்ளேன் அப்படியே ஏறிட்டே இருக்கணும், அதை கண்ட்ரோலர்ல சுலபமா எட்டற பட்டன்ல வச்சிருக்கானா, அதுதான் கன்சோல் கேம் பண்றவனுக்கு அக்கறை இருக்கா இல்லையான்னு காட்டற இடம். அப்புறமும் ஆசை இருந்தா வாங்குங்க, ஆனா டப்பால எக்ஸ்பாக்ஸ்னோ பிஎஸ்5னோ எழுதியிருக்கான்னு பாத்துட்டு. பிசிக்கு மட்டும்னு இருக்கற ஜாய்ஸ்டிக்கை சொருகினா கன்சோல் கண்டுக்கவே கண்டுக்காது, ஒரு கடைல எனக்கு "எல்லாத்துக்கும் போகும்" னு சொல்லி ஒண்ணைத் தலைல கட்டினாங்க, அது இப்ப எங்க அக்கா பையன் கைல ட்ராக்டர் கியரா இருக்கு.

சத்தத்துக்கு ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க, இன்ஜின் பவரை குறைச்சா காத்து சத்தம் மேல வருதா, அது போதும்.

கடைசியா லேண்டிங். 65 நாட்ல வந்தா ஒழுங்கா உக்காரணும், 80ல வந்தா ரன்வேக்கு சில அடி மேல மிதந்துட்டே போகணும், இறக்கைக்கும் தரைக்கும் நடுவுல காத்து மெத்தை மாதிரி நிக்கும், அது இல்லாத கேம்ல எந்த வேகத்துல வந்தாலும் பச்சுன்னு ஒட்டிக்கும். வேணும்னே ஒரு தடவை தொம்முன்னு போடுங்க, ஒண்ணுமே ஆகலன்னா டேமேஜ் ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் திட்டுங்க.

இதெல்லாம் பாக்க ரெண்டு சாயங்காலம் போதும். கேம் பாஸ் மாதிரி மாச சந்தால இருந்தா அதுல ஒரு மாசம் எடுத்து டெஸ்ட் பண்ணுங்க, நேரா வாங்கறதா இருந்தா ரீஃபண்ட் விதியை வாங்கறதுக்கு முன்னாடி படிங்க, வாங்கின அப்புறம் இல்ல. ஒரு நோட்டுல எழுதி வைங்க, ஆறு மாசம் கழிச்சு அப்டேட் வந்ததும் அதே மேட்டுப்பாளையம் ஓட்டத்தை மறுபடி ஓட்டினா என்ன திருத்தினாங்க என்ன கெடுத்தாங்கன்னு தெரியும், இந்த கேம் எல்லாம் வந்த அன்னிக்கு இருக்கற மாதிரி அடுத்த வருஷம் இருக்காது.

கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களுக்கு மேட்டுப்பாளையம் ஒத்து வராது, நீங்க மதுரைல கிளம்புங்க. வத்தலக்குண்டு வழியா வந்தா மலை அவ்ளோ செங்குத்தா இருக்காது, அங்க இருந்து கொடைக்கானல் 17 நாட்டிக்கல் மைல், செஸ்னா நிதானமா ஏறிடும். டெஸ்ட்டுக்கு அந்த வழி வேண்டாம். பெரியகுளம் பக்கம் தாழ்வா வந்து அங்க இருந்து நேரா கொடைக்கானலைப் பாத்து ஏறிப் பாருங்க, எட்டு மைல் சொச்சத்துல ஆயிரம் அடில இருந்து 7,000 அடி. ஏறிடுச்சுன்னா கேம் பொய் சொல்லுது.